ஐகொளெ தந்த ஐந்நூற்றுவர்

பிறந்த மண்ணைப் பிரிந்து, வேற்றுமொழி வழங்கும் நாட்டில் வாழ்வோர் தமக்குள் ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்திக்கொள்வது தமிழருக்குப் புதிதன்று. 1809ஆம் ஆண்டில் பெங்களூரிலே தண்டு எனப்படும் படைப்பாளையம் அமைந்தது முதல், அதனைச் சார்ந்து தொழில் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்தம் வழிவந்தோர் பலர் இச்சிவாஜிநகரில் வாழ்கின்றோம். நம் முன்னோர் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, மலையும் கடலும் கடந்து, சென்ற இடமெல்லாம் உடன்பிறந்தார் போல ஒழுகிய வணிகப் பெருங்குழு ஒன்று விளங்கிற்று. அதன் பெயர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். அதன் தாயகம் இக்கன்னட நாடே என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாகின்றன.

இன்றைய பாகல்கோட் மாவட்டத்திலுள்ள ஐகொளெ என்னும் ஊரில், கி.பி. 8ஆம் நூற்றாண்டளவிலேயே ஐந்நூற்றுவர் என்னும் பெயர் கல்லில் இடம்பெற்றுள்ளது. கன்னடத்தில் அய்யாவொளெ என வழங்கிய அவ்வூரைத் தமிழ்க் கல்வெட்டுகள் ஐயப்பொழில் என்கின்றன. ஐந்நூறு என்பது தலை எண்ணி இட்ட தொகையன்று. நாளடைவில் மரபுப் பெயராய் நிலைத்தது. நானாதேசிகள், வளஞ்சியர், மணிக்கிராமத்தார் எனப் பல குழுவினர் இதனோடு இணைந்திருந்தனர். ஊரும் மொழியும் வேறாயினும் அனைவரும் தம்மை ஐயப்பொழிற் பரமேசுவரியின் மக்கள் என்று கூறிக்கொண்டனர். பிறப்பால் உடன்பிறவாதவர் ஒரு தாயின் மக்களாகத் தம்மைக் கொண்டதே இவர்தம் உறவின் வேர்.

அரசர்க்கு மெய்க்கீர்த்தி இருந்ததுபோல இக்குழுவுக்கும் ஒன்று இருந்தது. பட்டினம் 18, வேளர்புரம் 32, கடிகைத்தாவளம் 64 என்று தம் வணிகத் தலங்களை அதில் எண்ணிப் பெருமை பேசினர். ஏற்றுக்கொடி இவர்தம் கொடி. தோளில் தொங்கும் பசும்பை இவர்தம் அடையாளம். கர்நாடகத்துச் ஷிகாரிப்பூரில் உள்ள 1054ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, இவர்கள் சேர சோழ பாண்டிய நாடுகளுக்கும் நேபாளம் வரையிலும் சென்று வாணிகம் செய்ததைப் புகழ்ந்துரைக்கின்றது.

இவர்தம் வழக்கங்களுள் இரண்டு நாம் கருதத்தக்கவை. ஒன்று, பட்டணப்பகுதி. வணிகர் ஒன்றுகூடி, விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு பங்கைக் கோயிற்பணி முதலிய அறத்திற்கு ஒதுக்குவர். பிரான்மலையிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, நெல், உப்பு, மிளகு, பாக்கு தொடங்கிச் சந்தனம், பட்டு ஈறாக, எவ்வெப் பண்டத்திற்கு எவ்வளவு என்று வகுக்கின்றது.

மற்றொன்று, தம்மவரையே கட்டுப்படுத்தும் நெறி. சென்னையை அடுத்த காட்டூரை இக்குழுவினர் வீரபட்டினமாக்கிச் சலுகைகள் பல வழங்கினர். அப்போதே ஒரு விலக்கும் விதித்தனர். வாளை உருவி அச்சுறுத்தியோ மக்களைப் பிடித்து வைத்தோ வரி தண்டும் வணிகரும், பிறர் உணவை மறித்துத் துன்புறுத்தும் வணிகரும் அவ்வூரில் குடியிருத்தலாகாது என்பதே அது. தம் இனத்தார் என்பதற்காகத் தீமையை அவர்கள் பொறுத்தாரல்லர்.

கடல் கடந்தும் இவ்வொழுங்கு சென்றது. சுமத்திராத் தீவின் பாரூசுக்கு அருகே, லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டு இவர்கள் நாட்டிய கல் தமிழில் உள்ளது. அங்கு வரும் மரக்கலத்தார் கத்தூரியின் விலையைக் கொண்டு கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டுமென அது கூறுகின்றது. பர்மாவின் பகான் நகரில் நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயில் இருந்ததையும், 13ஆம் நூற்றாண்டில் சேரநாட்டார் ஒருவர் அதற்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததையும் அங்குள்ள கல்வெட்டால் அறிகின்றோம்.

கன்னட மண்ணில் தோன்றிய குழு, தமிழகத்திலும் சுமத்திராவிலும் தமிழிலே எழுதிற்று. கன்னட நாட்டிற் கன்னடத்திலே எழுதிற்று. எம்மொழியும் அதற்கு அயன்மொழியன்று. 14ஆம் நூற்றாண்டுக்குப் பின் அதன் கல்வெட்டுகள் அருகிவிட்டன. ஆயினும் அது காட்டிய வழி நமக்கு இன்றும் வேண்டுவதாம். நம் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க வகைசெய்வது நம் பட்டணப்பகுதி. அண்டை வீட்டாரின் கன்னடத்தை அன்போடு கற்று, அவர்தம் இன்பதுன்பங்களிற் பங்குகொள்வதும் அதன்பாற்பட்டதே. தமிழன் என்ற பெயரால் எவர் தவறு செய்யினும் அதனை நாமே முதலிற் கண்டிப்பது நம் காட்டூர்க் கட்டளை. இவையின்றிச் சங்கம் என்பது வெறும் பெயர்ப்பலகையே.