இரண்டு சிலுவைகள்



காய்ச்சலும் இருமலுமாகப் படுக்கிறோம். ஒரு வாரத்தில் எழுந்து, அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிடுகிறோம். சளிக்காய்ச்சல் பெரும்பாலோருக்கு அவ்வளவே. மிகச் சிலருக்கோ அது தொண்டையோடு நில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சிலரின் வரலாற்றை ஒரு கல்லறையின் வழியாக இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அலாஸ்காவின் மேற்குக் கரையில் பிரேவிக் மிஷன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த லுத்தரன் போதகர் ஒருவரின் பெயரே பின்னர் ஊருக்கு வழங்கலாயிற்று. 1918 நவம்பரில் இன்ஃபுளுவென்சா அவ்வூரை அடைந்தது. 15ஆம் தேதி தொடங்கி ஐந்தே நாட்களில், சுமார் 80 பேரில் 72 பேர் மரித்தார்கள். உறைந்த நிலத்தைத் தோண்டி, எல்லாரையும் ஒரே குழியில் அடக்கம் செய்து, சிலுவைகளை நட்டார்கள். இதைத் தேவகோபம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அது ஜெபம் அறிந்த ஊர்.

அவ்வாண்டு உலகெங்கும் அந்நோய் கண்டோரில் பெரும்பான்மையினர் பிழைத்துக்கொண்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மரித்தவர்களுக்கு நேர்ந்தது என்ன? நம் மூச்சுக்குழாயின் உட்பரப்பில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. வைரஸ் அந்தப் பரப்பை உரித்து அழித்தது. காவலற்ற வாசல் வழியே, மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாக இருந்த பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கின. காற்று நிறைய வேண்டிய சிற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்தன. நோயாளியின் முகமும் உதடுகளும் நீலம் பாரித்தன. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல்தான்.

தென் கரோலினாவின் ஜாக்சன் ராணுவ முகாமில் அவ்வாண்டு செப்டம்பரில் மரித்த 21 வயதுப் போர்வீரன் ஒருவனின் நுரையீரல் துணுக்குகளை மருத்துவர்கள் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். இடது நுரையீரல் நிமோனியாவால் முற்றும் பாழாகியிருந்தது. வலதிலோ நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிந்திப்போன அந்த வலது நுரையீரலில்தான், ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்குப் பின், ஜெஃப்ரி டாபென்பெர்கரின் குழுவினர் வைரஸின் மரபுத் துண்டுகளைக் கண்டார்கள். ஆயினும் கையில் இருந்தது அற்பமே.

அச்செய்தியைப் படித்தவர்களுள் யோஹான் ஹுல்டின் ஒருவர். சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்த அவர், 1951இலேயே பிரேவிக் மிஷனுக்குச் சென்றவர். குழியைத் தொடுமுன் ஊரின் மூத்தோரிடம் அனுமதி கேட்டார். 1918இல் பிழைத்தவர்கள் அப்போதும் அங்கே இருந்தார்கள். தங்கள் தாய் தந்தையர் கிடக்கும் மண்ணை ஓர் அந்நியன் திறக்க இசைந்தார்கள். அவர்கள் மறுத்திருந்தால் குறை கூற நமக்கு என்ன உரிமை? நெருப்பு மூட்டி நிலத்தை இளக்கி, சில உடல்களிலிருந்து நுரையீரலை எடுத்துச் சென்றார். ஆய்வகத்தில் வைரஸ் உயிர்பெறவில்லை. வெறுங்கையோடு முடிந்தது.

1997இல், 72 வயதில், ஹுல்டின் தம் சொந்தச் செலவில் மறுபடியும் போனார். மறுபடியும் அனுமதி கேட்டார்; மறுபடியும் கொடுத்தார்கள். இம்முறை பருத்த உடல்வாகுடைய பெண் ஒருத்தியின் உடல் அகப்பட்டது. கொழுப்பு காப்பாக நின்றதால் அவளுடைய நுரையீரல் அழுகாமல் இருந்தது. அவளுக்கு அவர் 'லூசி' என்று பெயரிட்டார். அவளுடைய மெய்ப்பெயர் எந்த ஏட்டிலாவது இருக்குமோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அந்த நுரையீரலின் உதவியால் 2005இல் வைரஸின் மரபுவரிசை முழுதும் அறியப்பட்டது. பழைய நுரையீரல் துணுக்குகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், 1918இல் மரித்தோரில் மிகப் பலரைக் கொன்றது பின்தொடர்ந்த பாக்டீரியா நிமோனியாவே என்று 2008இல் எழுதினார்கள். இன்று மருத்துவர் முதியோருக்கு நிமோனியா தடுப்பூசியையும் சேர்த்துச் சொல்வதை வீண் என்று நினைக்கிறவர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

குழியை மூடியபின் ஹுல்டின் உடனே புறப்பட்டுவிடவில்லை. 1951இல் தாம் கண்ட இரண்டு பெரிய சிலுவைகள் உளுத்து விழுந்துபோயிருந்தன. அவ்வூர்ப் பள்ளியின் தச்சுக்கூடத்தில் மரத்தை அறுத்துப் புதிதாக இரண்டு சிலுவைகளைச் செய்து, அந்தக் கல்லறையின்மேல் நட்டுவிட்டே ஊர் திரும்பினார்.