சவரக் கத்தியும் புரையோடிய புண்ணும்

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அவர்கள் வந்தது போன்ற அக்கால ஐரோப்பியக் கப்பல்களில் தாடி மழிப்பவரே கட்டியைக் கீறினார், காயத்துக்குக் கட்டுப் போட்டார். கோட்டைக்கு வெளியே காவிரிக் கரை ஊர்களிலும் இதே வழக்கம்தான். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தார் சவரக் கத்தியாலேயே ரண வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள்.

தரங்கம்பாடி கிறித்தவ மிஷனைச் சேர்ந்த க்ரூண்ட்லர், தமிழ் மருத்துவம் பற்றி 1711-இல் ஜெர்மன் மொழியில் ஒரு கையெழுத்து நூலே எழுதினார். பிறகு காலம் மாறியது. லண்டனில் 1745-இல் அறுவை மருத்துவர்கள் நாவிதர் சங்கத்திலிருந்து பிரிந்தார்கள். இங்கும் ஆஸ்பத்திரிகள் வந்தபின் நாவிதர் கையில் சவரம் மட்டுமே மிஞ்சியது. தலைமுறை தலைமுறையாகப் புண்ணாற்றிய கைகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு நோயின் மர்மத்தை விளக்க மருத்துவ உலகுக்கு நாவிதரின் கைதான் உதவியது.

வால் எலும்புக்கு மேலே, புட்டப் பிளவில் சிறு துளை விழும், சீழ் வடியும், உள்ளே முடிக்கற்றை கிடக்கும். 1880-இல் பாஸ்டன் மருத்துவர் ஹாட்ஜஸ் இதற்கு பைலோனைடல் சைனஸ் என்று பெயரிட்டார். கருவிலேயே ஏற்படும் குறை என்று பலர் நம்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் சுமார் 80,000 பேர் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். குலுங்கும் வண்டிப் பயணத்தைக் காரணமாகக் கருதி, 'ஜீப் நோய்' என்றே அழைத்தார்கள்.

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பேட்டியும் ஸ்கார்ஃபும், முடி வெளியிலிருந்து தோலைத் துளைத்து இறங்குகிறது என்று 1946-இல் வாதிட்டார்கள். 1948-இல் ஒரு நாவிதரின் கையில், விரலிடுக்கில் இருந்த அதே வகைப் புரையை விவரித்தார்கள். கருவின் மிச்சம் விரலிடுக்கில் இருக்க வழியில்லை. வெட்டிய முடித்துணுக்குதான் குத்தி நுழைந்திருக்க வேண்டும்.

விரலிடுக்கு, புட்டப் பிளவு இரண்டிலுமே முடி தங்கப் பள்ளம் உண்டு. ஈரமும் உராய்வும் உண்டு. பிளவு ஆழமாகவும் முடி அடர்த்தியாகவும் தடித்தும் இருந்தால், நீண்ட நேரம் உட்கார்ந்தே வேலை செய்தால், ஆபத்து கூடும். முடியின் மேற்பரப்பில் நுண்செதில்கள் இருப்பதால் உள்ளே போனது எளிதில் திரும்பாது. பருவ வயது தொடங்கி நாற்பது வரையிலான ஆண்களுக்கே இது அதிகம்.

இந்தப் புரிதலால் சிகிச்சையும் மாறியது. கிரேக்க அறுவை மருத்துவர் கரிடாக்கிஸ், தையலை நடுக்கோட்டிலிருந்து ஒதுக்கிப் பிளவின் ஆழத்தைக் குறைக்கும் முறையை வகுத்தார். சலூனில் வேலை செய்பவர்களும் வேலை முடிந்ததும் விரலிடுக்குகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பது நல்லது. ஆறாத சிறு துளை தெரிந்தால் முள் குத்தியது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.