முகம், வரிசை, விளிம்பு: சேலம் வட்டாரப் புகைப்படங்களை முன்வைத்து

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் என்ற பதவியோடு, ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் படமெடுத்துத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார். (ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.) மெழுகு ஏற்றிய காகித நெகடிவ் வெளிச்சத்தை நிதானமாகத்தான் வாங்கும், அசைகிற எதுவும் அதில் நிற்காது. 1791இல் திப்புவிடமிருந்து கம்பெனி பிடித்த கோட்டை அதில் நின்றது. அந்த வழியே மாடு பத்திக்கொண்டு போனவன் நின்றிருக்க மாட்டான். இதை வெறும் தொழில்நுட்பக் குறைபாடு என்று தள்ளிவிட முடியவில்லை. பிடித்ததைக் கணக்கெடுக்கிற கண்ணுக்கு ஆள் அவ்வளவு அவசியமில்லை.

ஆள் அவசியப்பட்டபோது சாதியாகத்தான் அவசியப்பட்டான். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டவை. படத்திலிருப்பவருக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. அவருடைய சாதிக்குத்தான் பெயர். கௌரவத்துக்காக எடுத்துக்கொள்ளும் உருவப்படமும் போலீஸ் ஃபைலில் இருக்கும் படமும் ஒரே ஆவணக்கிடங்கைச் சேர்ந்தவை என்று ஆலன் செகுலா 1986இல் வாதிட்டார். அதைப் படிக்கும்போது எனக்குத் தர்ஸ்டனைவிட எங்கள் பக்கத்து வீடுகளின் ஆசாரச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. நடுவில் மாலையும் சந்தனமும் வைத்த அப்பாரு. இரண்டு பக்கமும் மகன்கள், மகன்களின் கல்யாணம், புதுசா பாடி கட்டி நாமக்கல்லிலிருந்து வந்த லாரி. பெண்மக்கள் ஓரத்தில், மாப்பிள்ளைகளோடு. இது காலவரிசையும் அல்ல, அகரவரிசையும் அல்ல, சொத்துவரிசை.

சென்ற ஓராண்டாக எங்கள் குடும்பத்துப் படங்களை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி ஒழுங்குபடுத்திவருகிறேன். கூகுள் ஃபோட்டோஸ் 2015இல் இலவசமாக அள்ளிக் கொடுத்த கிடங்குக்கு 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அளவு வைத்தது. அதற்குப் பிறகு, வீட்டிலேயே ஒரு பெட்டியில் லினக்ஸ் போட்டு, அதில் இம்மிச் என்ற திறமூல மென்பொருளை ஓட்டிப் படங்களை வைத்துக்கொள்ளும் பழக்கம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. ‘சொந்தச் சர்வர்’ என்பதை ஏதோ விடுதலை மாதிரி பேசுகிறார்கள். இடம் நமதுதான். வரிசை யாருடையது?

1995இல் வந்த எக்ஸிஃப் என்ற தர ஒழுங்கு, கேமராப் படத்தோடு தேதியையும் மணியையும் ஒட்டி வைக்கிறது. பழைய படத்தை ஸ்கேன் செய்தால் அதற்கு அப்படி ஒன்றும் இல்லை. ஸ்கேன் பண்ணின நாளே அதன் நாளாகிவிடும். என் அம்மாயியின் கல்யாணம் போன தைமாசத்தில் நடந்ததாகக் காட்டியது. சரி, திருத்தலாம் என்று கேட்டால், “டேம் நெரம்பி வழிஞ்ச வருசம் கண்ணு, அதுக்கு மிந்தியோ பிந்தியோ” என்கிறது அம்மாயி. இந்தக் காலத்தை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. நாள், மாதம், மணி, நிமிடம் எல்லாம் வேண்டும். வாய்மொழிக் காலத்தை எழுத்துக் காலமாக்கும் வன்முறை என்று முன்பெல்லாம் தத்துவார்த்தமாகப் பேசுவோம். இங்கே அது ஒரு பெட்டிக்குள் நுழைக்கிற காரியமாகவே இருக்கிறது.

முகங்கள் சமாச்சாரம் இன்னும் விசேஷமானது. மென்பொருள் ஒவ்வொரு முகத்தையும் 512 எண்களாக்கி, எண்கள் நெருங்கிவரும் முகங்களை ஒரே ஆளாகக் கூட்டுகிறது. குறைந்தது மூன்று முகமாவது சேர்ந்தால்தான் ஆள். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. மூன்று படம் இல்லாதவர்கள் படத்தில் இருப்பார்கள், ‘நபர்கள்’ பட்டியலில் இருக்க மாட்டார்கள். எங்கள் படங்களில் அப்படி விழுந்தவர்கள் யார் யார் என்று பார்த்தேன். களத்துமேட்டுப் படத்தின் ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் பண்ணையாட்கள், வாழ்க்கைப்பட்டுப் போன பெரியத்தைமார், கைக்குழந்தையாகவே செத்தவர்கள்.

அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்தது. சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன ஒரு சித்தியின் முகத்தை எங்கள் ஆல்பத்தில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களை ஏற்றியதும், பெயரில்லாத ஒரு பெண் நான்கு படங்களோடு தனி ஆளாக வந்து நின்றாள். எந்திரத்துக்குச் சாதியும் தெரியாது, மானமும் தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை; 2015இல் கறுப்பின மனிதர்களைக் கொரில்லா என்று பெயரிட்டதும் இப்படிப்பட்ட எந்திரம்தான். ஆனாலும் அதே 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயில் கேமராவில் பதிந்த காட்சிகள்தான், பல சாட்சிகள் பிறழ்ந்துபோன கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சான்றாக நின்றன. 2022இல் தண்டனை, 2023இல் உயர் நீதிமன்றத்தில் அது பெரும்பாலும் உறுதி. இந்தச் சமவெளியில் ஒருவன் யாரோடு நடந்து போனான் என்பதற்குப் படம் இருப்பது சின்ன விஷயமல்ல. அந்தப் படம் யார் கையில் இருக்கிறது, யார் அதை அழிக்கலாம் என்பதும்தான்.

எங்கள் பெட்டியில் அந்த மூன்றை ஒன்றாக்கி வைத்திருக்கிறேன். சித்தியின் நான்கு படங்களையும் அம்மாயிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவ பேரப் போடு. உங்க மாமனுக்குத் தெரிய வேண்டாம்” என்றது. மாமனும் அதே பெட்டியில்தான் படம் பார்க்கிறார். பெயரைப் போட்டுவிட்டேன். பண்ணையாட்களில் இரண்டு பேருக்குத்தான் அம்மாயிக்குப் பெயர் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரு பெயரைத்தான் சொன்னது.