எஃப்.ஏ. என்றொரு படிப்பு: புதுக்கோட்டையில் ஒருவர், கும்பகோணத்தில் ஒருவர்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் புதுக்கோட்டை டவுனில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "தம்பிக்கு என்ன கோர்ஸ் போடப் போறீங்க?" "பி.காம். போட்டா பேங்க் வேலை கிடைக்கும்ங்கிறாங்க." "மேத்ஸ் வேணாம்ப்பா, அரியர் விழுந்துரும்." கல்லூரி வாசலில் பி.ஏ. தமிழ், பி.ஏ. வரலாறு, பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பட்டியல் ஒட்டியிருப்பார்கள். எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் படிப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அது யாருக்குக் கதவைத் திறக்கும், யாருக்குச் சாத்தும் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

இந்தக் கேள்வியோடு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. போய் நின்ற இடம் 1904. அந்த வருடம் ஒரே படிப்பில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் புதுக்கோட்டையில், இன்னொருவர் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி கும்பகோணத்தில். ஒருவர் அந்தப் படிப்பை ஏணியாக்கிக்கொண்டு மேலே போனார். இன்னொருவர் அதில் திரும்பத் திரும்பத் தோற்றார். இரண்டு பேரின் பெயரும் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

அது என்ன எஃப்.ஏ.?

அந்தக் காலத்தில் பிளஸ் டூ கிடையாது. மெட்ரிகுலேஷன் தேறியவர்கள் நேராகக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் படிக்க வேண்டும். அதன் முடிவில் எழுதுவது 'ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்' தேர்வு, சுருக்கமாக எஃப்.ஏ. அதில் தேறினால்தான் பி.ஏ. வகுப்பு. எஃப்.ஏ. வரைக்கும் மட்டும் நடத்துகிற கல்லூரிக்கு 'இரண்டாம் தரக் கல்லூரி' என்று பெயர், பி.ஏ.வும் இருந்தால் முதல் தரம்.

தேர்வை நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது அது. அந்த நாளில் பல்கலைக்கழகம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. பாடத்திட்டம் போடும், கேள்வித்தாள் தயாரிக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை ஊரூராக இருந்த கல்லூரிகளுடையது. சென்னையில் படித்தாலும் கும்பகோணத்தில் படித்தாலும் திருவனந்தபுரத்தில் படித்தாலும் புதுக்கோட்டையில் படித்தாலும் தேர்வு ஒன்றுதான்.

பாடங்கள் என்னென்ன? ஆங்கிலம். இரண்டாம் மொழியாகத் தமிழோ சமஸ்கிருதமோ வேறொன்றோ. கணிதம். உடலியல், அதாவது மனித உடம்பு எப்படி இயங்குகிறது என்கிற பாடம். கிரேக்க, ரோமானிய வரலாறு. இப்போதுபோல முதல் குரூப், மூன்றாம் குரூப் என்ற பிரிவெல்லாம் இல்லை. வக்கீலாகப் போகிறவரும் வயிறு எப்படிச் செரிக்கிறது என்று படிக்க வேண்டும், டாக்டராகப் போகிறவரும் ஜூலியஸ் சீசரைப் படிக்க வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பாடத்தில் தவறினால் மொத்தத் தேர்விலும் தவறியதாகத்தான் கணக்கு. மறுபடி எல்லாவற்றையும் எழுத வேண்டும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் ஒருவர்

புதுக்கோட்டை அப்போது பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட தனி சமஸ்தானம். 1878-ல் இங்கே வந்த சேஷையா சாஸ்திரி, அதற்கு முன் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். ஊரைத் திருத்தி அமைத்தவர் என்று இன்றைக்கும் அவர் பேரைச் சொல்வார்கள். அவர் காலத்தில், 1880-ல், ராஜா பள்ளிக்கூடம் கல்லூரியாக உயர்ந்தது. மகாராஜா கல்லூரி என்று அன்று சொன்னதுதான் இன்றைய மாமன்னர் கல்லூரி.

அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த நாராயணசாமி ஐயருக்கும், இசை வேளாளர் மரபில் வந்த சந்திரம்மாளுக்கும் 1886 ஜூலை 30-ல் பிறந்தவர் முத்துலட்சுமி. பெரியவளானதும் அந்தக் கால வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீட்டிலேயே பாடம் படித்துத் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்தது எஃப்.ஏ. ஊரில் இருந்ததோ ஆண்கள் மட்டும் படிக்கிற ஒரே கல்லூரி. விண்ணப்பித்தார். எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர்கள் பேசினார்கள். கல்லூரி நிர்வாகத்துக்கும் இஷ்டமில்லை. அம்மா பிறந்த சமூகமும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். அப்பா அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர் என்பதுகூட உதவவில்லை.

முடிவு ராஜாவிடம் போனது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னார். படிப்புக்கு உதவித்தொகையும் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் காலெடுத்து வைத்த முதல் பெண் முத்துலட்சுமிதான், அப்போது இருந்த ஒரே பெண்ணும் அவர்தான்.

எஃப்.ஏ. தேறி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் மருத்துவப் பட்டம். 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினர், பிறகு அதன் துணைத் தலைவர். 1930-ல் அவ்வை இல்லம், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இதெல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 1928-ல், இந்தியாவில் கல்வி எப்படி வளர்ந்திருக்கிறது என்று ஆராய பிலிப் ஹார்ட்டாக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதில் உறுப்பினராக இருந்த ஒரே பெண் முத்துலட்சுமி ரெட்டி. வகுப்பில் உட்கார ராஜாவின் அனுமதி தேவைப்பட்டவர், கால் நூற்றாண்டுக்குள் நாட்டின் வகுப்பறைகளையே ஆராயும் இடத்துக்கு வந்துவிட்டார்.

கும்பகோணத்தில் ஒருவர்

அதே 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு எஃப்.ஏ. சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். முத்துலட்சுமியைவிட ஒன்றரை வயது சின்னவர். ஆண், பிராமணக் குடும்பம். கல்லூரிக்குள் நுழைய எந்த ராஜாவிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசல் தாண்டியபிறகுதான் அவருக்குச் சிக்கல்.

கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. ரோமாபுரி வரலாறு நடக்கும்போதும் நோட்டில் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கோட்டை விட்டார். ஸ்காலர்ஷிப் போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ. சேர்ந்தார். இந்த முறை உடலியல் காலை வாரியது. செரிமானம் பற்றிய கேள்விக்கு, இந்தப் பாடம் தனக்கே செரிக்கவில்லை என்கிற மாதிரி விடைத்தாளில் எழுதிவைத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு கதை உண்டு. 1907-ல் தனித்தேர்வராக இன்னொரு தடவை எழுதினார். அதிலும் தோல்வி.

அதன்பிறகு பல வருடம் வேலையில்லாமல் திண்டாடி, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். எஃப்.ஏ.வில் தோற்கடித்த அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவர் வாங்கிய முதல் பட்டம் 1916-ல், கேம்பிரிட்ஜில், ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது.

ஒரே பாடம், ஒருத்தருக்குக் கதவு, ஒருத்தருக்குச் சுவர்

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராமானுஜனை விழவைத்த பாடங்களில் ஒன்று உடலியல். அதே பாடத்தைத்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போவதற்கு முன் முத்துலட்சுமி படித்தார்.

ராமானுஜன் கதையை மட்டும் படித்தவர்கள், எல்லாரையும் எல்லாமும் படிக்கவைக்கும் முறை மோசம், பிடித்ததைப் படிக்க விட வேண்டும் என்பார்கள். நியாயம்தான். முத்துலட்சுமி கதையை மட்டும் படித்தவர்கள், அந்த முறை நல்லது, பதினெட்டு வயதுவரை எந்தக் கதவையும் அது மூடவில்லை என்பார்கள். அதுவும் நியாயம்தான். இன்றைக்குப் பத்தாம் வகுப்பு முடித்து வரலாறு குரூப் எடுத்த ஒரு பெண், பிளஸ் டூவில் திடீரென்று டாக்டர் ஆகணும் என்று நினைத்தால் முடியாது. நீட் எழுத உயிரியல் படித்திருக்க வேண்டும். பதினைந்து பதினாறு வயதில், பல நேரம் மார்க்கை வைத்து யாரோ ஒதுக்கிக்கொடுத்த குரூப், பாதி வாழ்க்கையை முடிவு செய்துவிடுகிறது.

அப்படியானால் எது சரி? என் எண்ணம் இது. எஃப்.ஏ.வின் குற்றம் ஐந்து பாடம் வைத்ததில் இல்லை. ஒன்றில் தவறினால் எல்லாம் போச்சு என்ற விதியில் இருக்கிறது. ராமானுஜனுக்கு ஆங்கிலத்தில் ஒரு அரியர், உடலியலில் ஒரு அரியர் என்று வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பியிருந்தால்? டீக்கடையில் நாம் கேலியாகச் சொல்கிற அந்த 'அரியர்' இருக்கிறதே, அது உண்மையில் பெரிய சீர்திருத்தம். ஒரு பேப்பரில் விழுந்தவன் மற்ற பேப்பர்களில் நடந்து போகலாம் என்று சொல்கிற ஏற்பாடு அது.

எஃப்.ஏ. பிறகு இண்டர்மீடியட் ஆனது. 1950-களில் இண்டர்மீடியட் போய் பி.யூ.சி. வந்தது. 1978-ல் பி.யூ.சி.யும் போய், பிளஸ் டூ என்று பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. கல்லூரியில் மிச்சம் நின்றது மூன்று வருடப் பட்டப்படிப்பு. அதிலும் பழைய எஃப்.ஏ.வின் சாயல் இருக்கிறது. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜரும் அலைடும், பார்ட் ஃபோரில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை. பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவரும் தமிழ் படிக்கிறார், பி.ஏ. வரலாறு சேர்ந்தவரும் ஆங்கிலம் படிக்கிறார். "மேஜர் மட்டும் போதாதா, இது எதுக்கு?" என்று மாணவர்கள் முணுமுணுக்கும்போது, நூறு வருடத்துக்கு முந்தைய வாதம்தான் திரும்பவும் கேட்கிறது.

படிப்பு கொடுக்காத ஒன்று

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லணும். பாடத்திட்டம் மனிதனை அச்சில் வார்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே மகாராஜா கல்லூரியில் படித்த இன்னொருவர் திருமயம் சத்தியமூர்த்தி. 1887-ல் பிறந்தவர், இங்கே படித்துவிட்டு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று முத்துலட்சுமி போராடியபோது எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. ஒரே ஊர், ஒரே கல்லூரி, கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனால் அந்த முறையின் நிழலில் வளர்ந்த ஒரு தாயின் மகளுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை. அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் வகுப்பில் யார் உட்காருகிறார்கள் என்பது, வகுப்பில் என்ன நடத்துகிறார்கள் என்பதைப்போலவே முக்கியம்.

முத்துலட்சுமிக்குக் கதவு திறந்தது ஒரு ராஜாவின் நல்ல மனசால். அவர் வேறு மாதிரி யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1969-ல் புதுக்கோட்டையில் அரசு மகளிர் கலைக் கல்லூரி வந்தது. 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. இன்றைக்கு ஒரு கிராமத்துப் பெண் கல்லூரியில் சேர யாருடைய தனி உத்தரவும் வேண்டாம். ஒருவர் மனசு வைத்தால் கிடைத்த இடம் இன்று விதியாக இருக்கிறது. இந்த நூறு வருடத்தில் பாடத்திட்டம் மாறியதைவிட இதுதான் பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் டீக்கடையில் யாராவது "எந்தக் கோர்ஸ் நல்ல கோர்ஸ்?" என்று கேட்டால் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்கிறேன். மேஜரைத் தவிர அதில் வேற என்னென்ன படிக்கணும்னு பார்த்தீங்களா? ஒரு பாடம் வரலைன்னா பிள்ளை திரும்ப எழுந்து நிக்க அதில் வழி இருக்கா? வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம், டீ ஆறிடும்.