பாடு முறையும் நாமினிப் படிவமும்

பழவேற்காடு ஏரியில் ஒருவர் எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டலாம் என்பதை நெடுங்காலமாக முடிவு செய்து வந்தது அவர் யாருடைய மகன் என்பதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், அது கடலோடு கலக்கும் தெற்கு முகத்துவாரம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது; கடல்நீரோடு இறால் வந்து போகும் அந்தப் பகுதி மிகுந்த வளமானது என்பதால், அதைச் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்ளப் பட்டினவர் சமூகத்தார் பாடு என்னும் முறையை வகுத்தனர். சுத்து வலை கட்டுவதற்கென எல்லை குறிக்கப்பட்ட நீர்ப்பகுதியும், அதை முறைவைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடும் பாடு எனப்பட்டன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த உரிமையில் முதன்மை பெற்றவை. நல்ல இடமும் மெலிந்த இடமும் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி சீட்டுப் போட்டு முறை மாற்றினர். ஊர்ப் பஞ்சாயத்து அதை மேற்பார்த்தது.

அந்தச் சீட்டில் பெயர் இடம்பெறுவதற்குத் தந்தைவழி உறவே தகுதியாக இருந்தது. தந்தையின் உரிமை மகன்களுக்குச் சென்றது. மகளுக்குப் பாட்டில் இடமில்லை. இந்தக் கடற்கரையின் மீனவ ஊர்களில் திருமணமான ஆண் தலைமை தாங்கும் குடும்பத்தைத் தலைக்கட்டு என்பர். ஊர் வரி, கோவில் திருவிழாச் செலவு, ஊருக்கு வரும் பொது வருமானத்தின் பங்கு ஆகிய அனைத்தும் இந்த அலகைக் கொண்டே கணக்கிடப்பட்டன. ஆகவே திருமணம் என்பது இளைஞன் ஒருவனை ஊர்க்கணக்கில் பங்காளிகளுக்குச் சமமாக நிறுத்தும் செயலாகவும் இருந்தது. அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பு மூட்டிய பிறகும் ஒரே ஏற்பாட்டுக்குள் நீடித்தனர். கூட்டுக்குடும்பம் பிரிந்தாலும் பங்காளி உறவு அறுந்துவிடாமல் இருந்ததற்கு அவர்களுடைய பாசத்துக்கு நிகரான காரணம் இந்தப் பொது உரிமை. அதன் மறுபக்கமும் மறைக்கத்தக்கதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் நிவாரணப் பொருள்கள் தலைக்கட்டு வாரியாகப் பங்கிடப்பட்டபோது, கணவனை இழந்த பெண்களும் தனித்து வாழ்ந்த பெண்களும் சில இடங்களில் கணக்கிலேயே வராமல் போயினர்.

1970களில் ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்தபோது பாட்டின் மதிப்பும் உயர்ந்தது, உரிமையற்றோர் ஏரிக்குள் நுழைவதும் மிகுந்தது. முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்து போயிற்று. தெற்கே 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும் 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. மேற்கே, 1971இல் நிறுவப்பட்ட சிப்காட் பின்னர் கும்மிடிப்பூண்டியில் அமைத்த தொழில் வளாகத்தில் இரும்பு உருக்கு ஆலைகளும் பிற ஆலைகளும் பெருகின. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஓடும் புறநகர் மின்ரயிலும் நெடுஞ்சாலையும் சுற்றுவட்டார ஊர்களின் இளைஞர்களை அந்த ஆலைகளின் வாயில்களுக்குக் கொண்டு சேர்த்தன.

ஆலைக்குள் நுழையும் தொழிலாளி வருங்கால வைப்பு நிதிக்காகப் பூர்த்தி செய்யும் இரண்டாம் எண் படிவம், தொழிலாளர் பேச்சில் நாமினிப் படிவம், இந்த வட்டாரத்தின் உறவு வரலாற்றில் இதுவரை உரிய கவனம் பெறாத ஓர் ஆவணம். தாம் இறந்தால் தம் சேமிப்பு யாரைச் சேர வேண்டும் என்பதை அவர் அதில் எழுதித் தருகிறார். ஆனால் குடும்பம் என்பது யார் என்பதை 1952ஆம் ஆண்டின் வைப்பு நிதித் திட்டம் ஏற்கெனவே வரையறுத்துவிட்டது. ஆண் தொழிலாளிக்கு மனைவி, மக்கள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவியும் மக்களும் ஆகியோரே குடும்பம். அண்ணன், தம்பி, பெரியப்பா, தாய்மாமன் எவரும் அதில் இல்லை. அத்தகைய குடும்பம் இல்லாதவர் தம்பியின் பெயரை எழுதலாம் என்றாலும், அவர் திருமணம் செய்துகொண்டதும் அந்த நியமனம் செல்லாததாகிவிடும். பாட்டில் சகோதரனுக்குச் சமமாக ஒருவனை நிறுத்திய அதே திருமணம், இந்தப் படிவத்தில் சகோதரனின் பெயரை அழித்துவிடுகிறது. குடும்பம் சுருங்கியதற்கு மனிதரின் தன்னலத்தைக் குறை கூறுவோர் இந்த இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது; உறவின் எல்லையைப் பெரிதும் வரைவது பிழைப்பின் வழியே.

இழப்பு உண்மையானது. ஆயினும், ஊர்ப்பட்டியலில் தன் பெயரால் இடம்பெறாத மனைவி இங்கே முதல் பெயராக வந்தாள் என்பதும், ஆலைக்குச் செல்லும் பெண் தன் நாமினியைத் தானே எழுதினாள் என்பதும் சிறிய மாற்றங்கள் அல்ல. சொத்துரிமைச் சட்டமும் இதே திசையில் நகர்ந்தது: 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை வழங்கியது, 2005இல் நாடு முழுவதற்கும் இயற்றப்பட்ட திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. பாடோ சட்டப்புத்தகத்துக்கு வெளியே வழக்காறாகவே நின்றதால், நிலத்துக்கு வந்த இந்த மாற்றம் நீருக்கு வரவில்லை.

பாட்டிலும் படிவத்திலும் இடம்பெறாத குடும்பங்கள் இதே மாவட்டத்தில் ஏராளம். அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் உழைத்த இருளர் பழங்குடியினரும், ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து பருவந்தோறும் சூளைகளுக்கு வருவோரும் குடும்பமாகவே வேலைக்கு எடுக்கப்பட்டனர். கணவன் கையில் தரப்படும் முன்பணத்தை மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்துக் கழிக்க வேண்டும். அறுத்த கல்லின் எண்ணிக்கை குடும்பத்தின் பெயரில் ஒன்றாக எழுதப்பட்டதால், மனைவியின் உழைப்பு தனியாகப் பதிவாகவே இல்லை. ஏரியில் உரிமையைக் கொண்டு சேர்த்த உறவு சூளையில் கடனைக் கொண்டு சேர்த்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்களைச் செல்லாதவை ஆக்கியது. அச்சட்டப்படி மீட்கப்படுவோருக்கு வருவாய்த்துறை அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றிதழ் ஆள்வாரியாக வழங்கப்படுவது; மறுவாழ்வு உதவியையும் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஆள்வாரியாகவே வகுத்து, ஆணுக்கு 1 லட்சம் ரூபாயும் பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம் ரூபாயும் என நிர்ணயித்தது. சூளைக் கணக்கில் கணவன் பெயருக்குள் மறைந்திருந்த பெண், விடுதலைச் சான்றிதழில் தன் பெயரோடு பதிவாகிறாள்.