எந்த மின்சாரத்தை நம்பலாம்? பைக்காரா முதல் கமுதி வரை



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டிருக்கிறானாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. "சார், இனி நிலக்கரியும் வேண்டாம், அணு உலையும் வேண்டாம். எல்லாரும் மாடியில் பேனல் போட்டால் போதும்" என்றான். "ராத்திரிக்கு என்னப்பா செய்வாய்?" என்று கேட்டேன். "அதான் லைன் இருக்கே சார்" என்றான்.

அந்த 'லைன்' எங்கிருந்து வருகிறது? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் மாநிலத்தில் அரசு பெரிய அளவில் முதலில் நம்பியது தண்ணீரை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. சுமார் 3000 அடி உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றியது. அந்த மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. கிணறுகளில் கமலை போய் மோட்டார் வந்தது. பிறகு மேட்டூர் 1937-இல், பாபநாசம் 1944-இல். சுதந்திரத்துக்குப் பின் கனடா நாட்டு உதவியோடு குந்தா. காமராசர் ஆட்சிக் காலத்தில் ஊர் ஊராக மின்கம்பம் போனது.

நீர்மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. தேவை என்றால் சில நிமிடங்களில் ஓட்டலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மழை பொய்த்தால் அணை வற்றும். அதே ஆண்டில்தான் விவசாயி பம்புசெட்டைக் கூடுதலாக ஓட்டுவார். வரவு குறையும்போதே செலவு கூடும். தண்ணீரை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

அதனால்தான் நெய்வேலி. அங்கே 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. சோவியத் நாட்டு உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு இருப்பதால், இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்ட முடியும். சுற்றுவட்டாரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். இன்றும் நிலம் எடுக்கும்போதெல்லாம் அங்கே போராட்டம்தான்.

கருப்பு நிலக்கரி நம்மிடம் இல்லை. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரவேண்டும். எண்ணூர் நிலையம் 1970-இலும் தூத்துக்குடி 1979-இலும் தொடங்கின. மழைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது லாபம். ஆனால் சுரங்கம், ரயில், கப்பல் மூன்றில் ஒன்று தடைபட்டாலும் இங்கே அடுப்பு அணையும். சாம்பலும் புகையும் தனி. எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

அடுத்து அணு. கல்பாக்கத்தில் நம் பொறியாளர்களே கட்டிய உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-இல், மின்சாரம் வந்தது 2013-இல். இடையில் சோவியத் நாடே இல்லாமல் போனது. 2011-இல் ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்தது. இடிந்தகரை மீனவ மக்கள் அஞ்சிப் போராடினார்கள். அணு உலை மழை, காற்று, வெயில் எதையும் பார்க்காமல் ஓடும். ஆனால் ஓர் உலை திடீரென்று நின்றால் 1000 மெகாவாட் ஒரே நொடியில் போய்விடும்.

காற்றாலையில் நாம் முன்னோடிகள். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சிறிதாகத் தொடங்கி, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பல்லடம் என்று பரவியது. மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும். ஐப்பசி பிறந்தால் இறக்கை அசையாது.

2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த வருடம் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மெழுகுவர்த்தியில் வீட்டுப்பாடம் எழுதி, நோட்டில் மெழுகு சிந்திக் கொண்டுவருவீர்கள். விசைத்தறி நின்றது, கோவையில் பட்டறைகள் நின்றன. காரணம் ஒன்றல்ல. தேவை வளர்ந்த வேகத்துக்குப் புதிய நிலையங்கள் முடியவில்லை. காற்றுக் காலம் முடிந்ததும் நிலைமை மோசமானது. வெளியிலிருந்து வாங்கவும் வழி குறுகல். அன்று தென்னிந்திய மின்தொகுப்பு, நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணையவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாக அந்த இணைப்பு கிடைத்தது 2013 டிசம்பர் 31-ஆம் தேதிதான்.

இப்போது சூரியன். 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. பகலில் அருமையான மின்சாரம். ஆனால் ஒரு கணக்கு. 648 என்பது நல்ல வெயிலில் தரும் அளவு. இரவு, காலை, மாலை, மேகம் எல்லாம் சேர்த்து வருடச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். மாலை ஆறு மணிக்கு சூரியன் போகிறது. ஏழு மணிக்கு வீடுதோறும் விளக்கு, டிவி, ஏசி. நம் மாநிலத்தின் உச்சத் தேவை இன்று 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இதற்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஆழியாறு மலைப்பகுதியில் காடம்பாறை நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும் நேரத்தில் அதையே இறக்கி 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் ஏறக்குறைய 75 யூனிட் திரும்பும். நஷ்டம் போலத் தெரியும். ஆனால் மதியம் வீணாகும் யூனிட்டுக்கும் இரவு எட்டு மணி யூனிட்டுக்கும் மதிப்பு ஒன்றல்லவே!

ஆகவே தம்பி, பேனல் போட்டது நல்ல காரியம். நிலக்கரி குறையத்தான் வேண்டும். ஆனால் எது சிறந்தது என்று மட்டும் கேட்காதே. அது ஓயும்போது அந்த இடத்தில் எது நிற்கும் என்றும் கேள். தண்ணீரை மட்டும் நம்பியபோது மழை கைவிட்டது. காற்றுக் கணக்கை நம்பியிருந்தபோது ஐப்பசி கைவிட்டது. சூரியனை மட்டும் நம்பினால் மாலை ஏழு மணி கைவிடும். காடம்பாறை போன்ற சேமிப்பும், பேட்டரியும், நல்ல மின்பாதையும் வளர்கிற அளவுக்குத்தான் பழைய அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைக்க முடியும். முந்திக்கொண்டு அணைத்தால் மறுபடியும் ஒரு பிள்ளை மெழுகுவர்த்தியில் எழுதும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் எண்ணூர்ப் பிள்ளை சாம்பலைச் சுவாசிக்கும். இரண்டும் நம் பிள்ளைகள்தான்.

உங்கள் ஊருக்கு முதன்முதலில் கரண்ட் வந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

வாழ்க வளமுடன்.