கண்டியைச் சுற்றி விளைந்த அறிவு: பேராதனை ஆய்வு மரபு பற்றிய சில குறிப்புகள்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் மருத்துவம் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். அதை மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை. கண்டி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தூரத்தில், மகாவலி கங்கை வளைந்து செல்லும் இடத்தில், இரு நூற்றாண்டுகளாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ஆய்வுகள் நடந்து வந்துள்ளன. பூஞ்சணம், கூத்து, களிமண், கல்வெட்டு, மருந்து, குடிநீர் என அவற்றின் பட்டியல் நீளும். எமது கல்லூரியில் படித்த காலத்தில் இவற்றுள் ஒன்றைப் பற்றியும் நாம் அறிந்திருக்கவில்லை.

பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போகாத மாணவி எம்முள் எவருமில்லை. சோற்றுப் பொதியுடன் பஸ்ஸில் போய் இறங்கி, அரசபனை வரிசையில் ஓடி, இராட்சத மூங்கில் புதரின் கீழ் படம் எடுத்து, தொங்குபாலம் ஆடும்போது கூச்சலிட்டுத் திரும்பினோம். அந்தப் பூங்கா ஓர் ஆய்வு நிலையம் என்பதை நான் அறிந்தது மருத்துவ மாணவியாகப் பேராதனைக்குப் போன பின்னர்தான்.

பூங்காவும் கோப்பிப் பூஞ்சணமும்

பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் ஆரம்பிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை உள்ளூர்ப் பெயர்களுடன் அவர் வெளியிட்டார். 1849 முதல் மூன்று தசாப்தங்கள் பொறுப்பிலிருந்த துவைற்ஸ் காலத்தில்தான் பெரும் சோதனை வந்தது. 1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. மாதிரிகளைத் துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்ற பூஞ்சணவியலாளர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாற்றிக்ஸ் எனப் பெயரிட்டார்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராயவென்று இங்கு வந்தார். இரண்டு ஆண்டுகளில் அப்பூஞ்சணத்தின் வாழ்க்கை வட்டத்தை அவர் விளக்கினார். நுண்வித்துகளைக் காற்று சுமந்து செல்கிறது. இலைமேல் தங்கும் நீர்த்துளியில் அவை முளைக்கின்றன. இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய் இவ்வளவு விரைவாகப் பரவ வழிவகுத்தது. ஆய்வு சரியாக இருந்தது. ஆனால் கோப்பியைக் காப்பாற்ற இயலவில்லை. தோட்டத்துரைமார் மருந்தை எதிர்பார்த்தார்கள். அவரிடம் இருந்தது விளக்கம் மட்டுமே. அந்த விளக்கம் பின்னர் பயிர்நோயியல் என்ற துறைக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

இது தாவரவியலுடன் முடிந்துவிடும் கதையன்று. கோப்பி, பருவத்துக்குரிய பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் வேலை முடியத் திரும்பிப் போயினர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை, கோப்பி அழிந்த மலைகளுக்குப் பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, லயன்களில் நிலைத்தன. எம்மில் பலருடைய பூட்டிமார் இந்த மலைகளில் கூடையுடன் நிற்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் அந்தச் செம்மஞ்சள் பொடி. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முற்படுபவர் ஒரு பூஞ்சணத்தின் வரலாற்றையும் படிக்க வேண்டியுள்ளது.

தவறிய கருத்தும் நிலைத்த கணக்கும்

1896 முதல் 1912 வரை பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் ஜே. சி. வில்லிஸ். ஒவ்வொரு தாவரப் பேரினத்திலும் எத்தனை இனங்கள் உள்ளன என்று அவர் எண்ணினார். ஒரேயொரு இனம் மட்டும் உள்ள பேரினங்கள் மிகப் பல. இரண்டு இனம் கொண்டவை அதனிலும் குறைவு. நூறு இனம் கொண்டவை மிகச் சில. ஓர் இனம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பரந்து காணப்படும் என்ற முடிவுக்கு வந்து, 1922இல் 'வயதும் பரப்பும்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். தாவரவியலாளர் பலர் அக்கருத்தைக் கடுமையாக மறுத்தனர். இன்று அதை அப்படியே ஏற்பவர் இல்லை எனலாம்.

ஆயினும் அவர் எண்ணிய கணக்கு உட்னி யூல் என்ற புள்ளிவிபரவியலாளரின் கைக்குப் போயிற்று. 1925இல் அவர் அதிலிருந்து ஒரு கணித மாதிரியை உருவாக்கினார். அதன் சாரம் எளியது: ஏற்கெனவே பெரிதாக இருப்பது மேலும் விரைவாகப் பெருகும். 1955இல் ஹேர்பேர்ட் சைமன் அதே வடிவத்தை நகரங்களின் சனத்தொகையிலும், வருமானப் பங்கீட்டிலும், ஒரு நூலில் சொற்கள் திரும்பத் திரும்ப வரும் முறையிலும் கண்டார். உயிரினங்கள் கிளைவிட்ட வரலாற்றைக் கணிப்போர் இன்றும் யூலின் மாதிரியைப் பயன்படுத்துகின்றனர். இலங்கைச் செடிகளை எண்ணத் தொடங்கிய ஒருவரின் கணக்கு, இவ்வாறு பொருளியலுக்கும் மொழியியலுக்கும் போய்ச் சேர்ந்தது.

பல்கலைக்கழகம் வந்த காலம்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தோன்றி, 1952இல் பேராதனைக்குக் குடிபெயரத் தொடங்கியது. அரசியலமைப்புச் சட்ட அறிஞரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர் 1947இல், பேராதனை வளாகத்தைக் காணாமலே காலமானார். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், பழந்தமிழ் இசையைக் கணித முறையில் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' அதே ஆண்டில்தான் வெளிவந்தது. துறை தாண்டும் மரபுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது.

அவருக்குப்பின் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்தவர், நாடகமும் எழுதியவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவை மாணவர்களால் ஆடப்பட்டன. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, ஓரிரு மணித்தியால மேடை நாடகமாயிற்று. இதற்கு முன்னரே, 1956இல், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம மரபிலிருந்து 'மனமே'யைப் படைத்திருந்தார். அந்த நாடகம மரபின் வேர் தமிழ்க் கூத்தில் உள்ளது. ஒரே வளாகத்தில் இரு பேராசிரியர்கள் ஒரே வேரின் இரு கிளைகளை ஆராய்ந்தார்கள்.

பேராதனையில் பயின்ற க. கைலாசபதி, சங்கச் செய்யுளைக் கிரேக்க வீரயுகப் பாடல்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1968இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். ஆ. வேலுப்பிள்ளை இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். 1955 முதல் 1960 வரை இங்கு சமூகவியல் கற்பித்த எஸ். ஜே. தம்பையா, என். கே. சர்க்காருடன் சேர்ந்து கண்டியை அண்டிய பாததும்பறைக் கிராமங்களின் காணிப் பிரச்சினையை ஆராய்ந்தார். பின்னாளில் அவர் உலகப் புகழ்பெற்ற மானிடவியலாளரானார்.

பொறியியல் பீடத்தில் கற்பித்து அதன் பீடாதிபதியாகவும் விளங்கிய பேராசிரியர் அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் இணைந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை, ஈரக் களிமண் சுமையின் கீழ் எப்படி இளகுகிறது என்பதை விளக்கியது. மண் பொறியியல் பயிலும் மாணவர் இன்றும் உலகெங்கும் அதைப் படிக்கின்றனர். மழைக்காலத்தில் மண்மேடு சரியும் எமது மலைகளை நினைத்தால் அதன் பெறுமதி புரியும்.

இந்த மரபில் ஒரு பெரிய உடைவும் உண்டு. 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் பலர் பேராதனையை விட்டு நீங்கினர். அவர்கள் யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும், கடல் கடந்தும் பணியாற்றினர். துரைராஜா அவர்கள் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். கூத்தும் களிமண்ணும் மருத்துவமும் ஒரே உணவு மேசையில் பேசப்பட்ட காலம் மீண்டும் அப்படியே வரவில்லை.

மருந்தும் குடிநீரும்

மருத்துவ பீடம் பேராதனையில் 1962இல் தொடங்கியது. பின்னர் அதன் பீடாதிபதியான பேராசிரியர் சேனக பிபிலே ஒரு மருந்தியலாளர். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் பல விலைக்கு விற்கப்படுவதை அவர் கேள்விக்குட்படுத்தினார். 1970களின் தொடக்கத்தில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் இயங்கியது. தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, இரசாயனப் பெயரில் மொத்தமாக வாங்கினால் நாட்டின் பணம் மிஞ்சும் என்று அவர் காட்டினார். மருந்தியலும் வர்த்தகமும் அங்கே சந்தித்தன. 1977இல் அவர் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

என் தொழில் வாழ்வில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய். 1990களில் கவனத்துக்கு வந்த இந்நோய், நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இல்லாத விவசாயிகளைத் தாக்குகிறது. பதவியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நோயாளி என்னிடம், "நான் குடிக்கவும் இல்லை, புகைக்கவும் இல்லை, என்ன பிழை செய்தேன் டொக்டர்?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

விடை தேடும்போது நான் கண்டது இதுதான். இந்நோய் அறியப்படுவதற்கு முன்னரே பேராதனைப் புவிச்சரிதவியலாளர் நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டை அளந்து வந்தனர். பிள்ளைகளின் பற்களில் படியும் பழுப்புக் கறையே அன்று அவர்களுக்கு முன்னிருந்த பிரச்சினை. அந்த அளவீடுகள் இன்று சிறுநீரக ஆய்வுக்கு அடிப்படையாகின்றன. நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீர் வற்றுதல், பரம்பரை எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. ஒன்றே காரணம் என முடிவாகவில்லை. மருத்துவர், புவிச்சரிதவியலாளர், இரசாயனவியலாளர், விவசாய விஞ்ஞானி, சமூகவியலாளர் ஆகிய எவரும் தனித்து இதைத் தீர்க்க முடியாது. இதற்கிடையில் பல கிராமங்களில் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்துள்ளன.

எமக்குரிய பாடம்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை எமது வீடுகளில் நடந்த பேச்சு பலருக்கு நினைவிருக்கும். கெட்டிக்காரி என்றால் விஞ்ஞானம், மற்றவர்களுக்குக் கலை. என் வகுப்பில் வரலாற்றில் எப்போதும் முதலாவதாக வந்த தோழி ஒருத்தி, வீட்டாரின் விருப்பப்படி உயிரியல் படித்தாள். மூன்று முறை பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அவள் எழுதியிருக்கக்கூடிய வரலாறு எழுதப்படவே இல்லை. எனக்கு இடம் கிடைத்த அதே வருடம் அது நடந்ததால், இன்றும் அது மனதை உறுத்துகிறது.

கோப்பி நோயை ஆராய்ந்தவர் மலையக வரலாற்றுக்கு உதவுவார் என்றோ, செடி எண்ணியவர் பொருளியலுக்கு உதவுவார் என்றோ, பல்லுக்காக நீரை அளந்தவர் சிறுநீரகத்துக்கு உதவுவார் என்றோ அன்று எவரும் நினைத்திருக்க முடியாது. எது பயன்படும் என்று முன்கூட்டியே தெரிந்து மட்டும் பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாது என்பதே இதன் பொருள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எமது சங்கம் இரண்டாம் நூற்றாண்டில் அடியெடுத்து வைக்கையில் புலமைப்பரிசில் ஒன்றை ஏற்படுத்துமாயின், அதை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவாகும் மாணவியருக்கு மட்டும் என வரையறுக்க வேண்டாம். கல்வெட்டுப் படிக்க விரும்பும் பிள்ளைக்கும், மண் படிக்க விரும்பும் பிள்ளைக்கும், கூத்துப் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் அதில் பங்கிருக்கட்டும். முதல் தவணைப் பணத்தை என் தோழியின் நினைவாக, வரலாறு பயிலப் போகும் ஒரு மாணவிக்கு நான் தருகிறேன்.